சேலத்துல இருந்து குடும்பத்தோட கடலுக்கும் தீம் பார்க்குக்கும் போறவங்களுக்கு, ப்ளான் எப்படி போடணும்

நம்ம ஊர்க்காரங்களுக்கு மலை பக்கத்துலயே இருக்கு, ஏற்காடு போறதுன்னா காலைல எந்திரிச்ச பொறவு கூட முடிவு பண்ணிக்கலாம், மேட்டூர் அணைன்னாலும் அப்படித்தான். கடல் அப்படி இல்லைங்க. எந்தப் பக்கம் வண்டிய திருப்புனாலும் ஏறக்குறைய 200 கிமீ ஓட்டுனாதான் உப்புக்காத்து வரும், பெரிய தீம் பார்க்கும் பெங்களூரு, சென்னை, கொச்சின்னு தூரமாத்தான் இருக்கு, கொஞ்சம் கிட்டன்னா மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர். இதனால என்ன ஆகுதுன்னா, இவ்வளவு தூரம் வந்துட்டோம் இதையும் பாத்துட்டு போயிருவோம்னு ரெண்டு நாள்ல பாண்டிச்சேரி, மகாபலிபுரம், விஜிபி பார்க், மெரினா எல்லாத்தையும் அடைச்சு வெச்சுருவாங்க, கடைசில குழந்தைங்க பாதி நேரம் கார்ல தூங்கிட்டு, பாட்டி எல்லா இடத்துலயும் பார்க்கிங்லயே உக்காந்துட்டு வருவாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், ஒரு நாளைக்கு ஒரு இடம், அந்த இடமும் வீட்டுல இருக்குற சின்னக் குழந்தையையும் வயசானவங்களையும் பாத்து முடிவு பண்ணுங்க. நடுவுல இருக்குற நாம எங்கனாலும் சமாளிச்சுக்குவோம்.

அதனால முதல் வேலை ஹோட்டல் தேடுறது இல்ல, குழந்தையை செவுத்தோரம் நிக்க வெச்சு உயரம் அளக்குறது. வொண்டர்லா மாதிரி பெரிய பார்க்குல குழந்தை டிக்கெட்டு வயசு கணக்கு இல்ல, உயரக் கணக்குதான், ரைடுக்கும் அதேதான், ஒவ்வொரு ரைடு வாசல்லயும் அளவுகோல் இருக்கும், பெரிய ரைடு எல்லாம் ஏறக்குறைய 140 செமீ இருந்தாதான் விடுவாங்க. எட்டு வயசுப் பையன் மாசக்கணக்கா யூட்யூப்ல ரோலர் கோஸ்டர் பாத்துட்டு ஆசையா வந்திருப்பான், வாசல்ல நிறுத்தி நீ குள்ளம்னு திருப்பி அனுப்புனா அவன் முகத்தை பாக்க முடியாது. வீட்டுலயே அளந்து, பார்க் வெப்சைட்ல எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம்னு பாத்து, நீ இதுல எல்லாம் போலாம் அதுல இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுன்னு முன்னாடியே சொல்லிருங்க, குழந்தைங்க புரிஞ்சுக்குவாங்க.

உயரம் தெரிஞ்சா பாதி முடிவு அங்கயே வந்துரும். எல்லாரும் நாலஞ்சு வயசுக்குள்ளன்னா பெரிய பார்க்குக்கு அவ்வளவு காசு குடுக்கவே வேணாம், மண்ணும் ஒரு வாளியும் போதும், கடலுக்கு போங்க. பத்து வயசுக்கு மேல இருக்குற பசங்கன்னா பார்க் அவங்களுக்கு சரியா இருக்கும், ஒரு நாள் முழுக்க ஆடுவாங்க. ரெண்டும் கலந்த குடும்பம், கூடவே தாத்தா பாட்டியும் வர்றாங்கன்னா கடலும் பார்க்கும் பக்கம் பக்கமா இருக்குற ஊரா பாத்து ஒரே இடத்துல ரூம் போட்டுருங்க. அப்படி ரெண்டு இடம் நமக்கு தோதா இருக்கு. ஒண்ணு சென்னை ஈசிஆர், இஞ்சம்பாக்கத்துல விஜிபி, முட்டுக்காட்டுல எம்ஜிஎம்னு ரெண்டு பார்க், கோவளம் பீச், அப்பறம் மகாபலிபுரம் எல்லாம் ஒரே ரோட்டுல வருது, 2025 டிசம்பர்ல இருந்து திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்துருச்சு. இன்னொண்ணு கொச்சி, பள்ளிக்கரைல வொண்டர்லா, அந்தப் பக்கம் செறாய் பீச், ரயில்ல ராத்திரி ஏறுனா காலைல எர்ணாகுளம். ரூமை மாத்தாம ஒரு நாள் பார்க், அடுத்த நாள் கடல். பார்க் போற அன்னிக்கு தாத்தா பாட்டிக்கு டிக்கெட் எடுத்து உள்ள கூட்டிட்டுப் போய் வெயில்ல உக்கார வெக்காதீங்க, அவங்களை ரூம்லயே விட்டுட்டு சாயந்தரம் வந்து பக்கத்துல இருக்குற கோயிலுக்கோ கடற்கரைக்கோ கூட்டிட்டுப் போனா அவங்களுக்கும் அது நல்ல நாளா இருக்கும்.

எப்ப போறதுங்கறதுல நம்ம ஊருக்குன்னே ஒரு வசதி இருக்கு, நிறைய பேரு அதை யோசிக்கிறதே இல்ல. ஆடிப் பண்டிகைக்கு சேலம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுறாங்க இல்லைங்களா, அன்னிக்கு பெங்களூருலயும் கேரளாவுலயும் ஸ்கூல் ஆபீஸ் எல்லாம் நடந்துட்டு இருக்கும், பார்க்ல கூட்டம் கம்மியா இருக்கும். பண்டிகையை விட்டுட்டு எப்படின்னு கேப்பீங்க, நியாயம்தான், கோட்டை மாரியம்மனுக்கு பொங்கல் வெச்சு சொந்தபந்தம் எல்லாம் வர்ற வீடுன்னா விட்டுருங்க. வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லாதவங்களுக்கு அது அருமையான நாள். பொதுவாவே பார்க்குக்கு செவ்வாய், புதன், வியாழன்தான், ஒரு நாள் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு போறது கூட தப்பில்லைன்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா ஞாயித்துக்கிழமை போனா ஒரு ரைடுக்கு நிக்கிற நேரத்துல வாரநாள்ல மூணு ரைடு முடிச்சுரலாம். தசரா லீவுல கர்நாடகா பக்கம் இருக்குற பார்க்குகளுக்கு போகவே போகாதீங்க, காலாண்டு லீவும் அப்பத்தான் வரும், ரெண்டு ஸ்டேட் கூட்டமும் ஒண்ணா சேந்துரும்.

கடலுக்கு காலக்கணக்கு வேற. கிழக்குக் கரை, அதாவது பாண்டிச்சேரி, சென்னை, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி எல்லாம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல் வர்ற காலமும் அதுதான், ரூம் போட்டீங்கன்னா காசு திரும்பக் கிடைக்கிற மாதிரி போடுங்க. மேக்குக் கரை கேரளா, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கடல் ரொம்ப மூர்க்கமா இருக்கும், அப்ப கொச்சி போனா பார்க்கோட நிறுத்திக்கங்க. ஜனவரி பொங்கல் தாண்டி மார்ச் வரைக்கும் ரெண்டு பக்கமும் நல்லா இருக்கும், ஆனா பரீட்சை நேரம், அதனால சின்ன கிளாஸ் படிக்கிற குழந்தைங்க இருக்குறவங்களுக்குத்தான் அது தோது. மத்தவங்களுக்கு ஏப்ரல் கடைசி, மே தான் கிடைக்கும், போங்க, ஆனா காலைல 9 மணிக்குள்ள கடல், அப்பறம் சாயந்தரம் 4 மணிக்கு மேல, நடுவுல ரூம்ல படுங்க. சேலம் வெயில்ல வளந்தவங்கதானேன்னு நெனைக்காதீங்க, நம்ம ஊரு வெயில் காஞ்ச வெயில், கடலோரம் புழுக்கம், வேர்வை காயவே காயாது, குழந்தைங்களுக்கு தண்ணிச்சத்து எறங்குறது வெளிய தெரியாது. ஏற்காட்டுல இருந்து வர்ற குடும்பம்னா இன்னும் கவனம், 1500 மீட்டர் உசரத்துல குளிர்ல இருந்த குழந்தைங்க, 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வாந்தி எடுத்துட்டு நேரா 200 கிமீ போனா சுருண்டுருவாங்க, முந்தின நாளே எறங்கி சேலத்துல சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு விடியக்காலைல கெளம்புறது நல்லது.

மீன் சாப்பிடவே போறவங்களுக்கு இன்னொரு விஷயம், கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், வெலையும் ஏறிரும். அந்த நேரத்துல ஹோட்டல்ல வஞ்சிரம் கேட்டா ஐஸ்ல கெடந்ததா இருக்க வாய்ப்பு அதிகம், கேட்டுட்டு வாங்குங்க.

கடல்ல நமக்கு கிட்ட பாண்டிச்சேரிதான். வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம்னு நேரா போயிரலாம், குடும்பத்தோட நிறுத்தி நிறுத்திப் போனா நாலரை அஞ்சு மணி நேரம்னு வெச்சுக்கங்க. ஊருக்குள்ள காந்தி சிலை இருக்குற பீச் ரோட்டுல குளிக்க முடியாது, அது பெரும்பாலும் பாறாங்கல்லு, ஆனா வயசானவங்களுக்கு அந்த மாதிரி இடம் வேற கிடைக்காதுங்க, சாயந்தரம் 6 மணிக்கு மேல வண்டிய விட மாட்டாங்க, குழந்தைங்க ஓடி ஆடலாம், பாட்டி உக்காந்து காத்து வாங்கலாம், பயமே இல்ல. கால் நனைக்கணும்னா சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச், சுத்தமான, பாதுகாப்பான பீச்சுக்குக் குடுக்குற நீலக்கொடி சான்றை 2021ல வாங்குனது, குளிச்சுட்டு உடுப்பு மாத்த வசதி இருக்கு. சுண்ணாம்பாறு படகுத் துறைல இருந்து போட்ல போற பாரடைஸ் பீச் அழகா இருக்கும், குழந்தைங்களுக்கு போட் சவாரியே தனி சந்தோஷம், ஆனா தண்ணி அங்க இழுக்கும், முழங்காலோட நிறுத்திக்கங்க. சனி ஞாயிறு பெங்களூரு, சென்னை கூட்டம் எறங்கி ரூம் வாடகை எங்கயோ போயிரும், ஞாயிறு ராத்திரில இருந்து தங்குற மாதிரி வெச்சா அதே ரூம் பாதி வெலைக்கு கூட கிடைக்கும்.

அமைதியா இருக்கணும்னா தரங்கம்பாடி, 1620ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை கடலோரமே நிக்குது, கூட்டம் கம்மி. பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுல படகு போற வழியில சேத்துக்கலாம். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29ல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா, வேண்டுதல் இருந்தா தவிர அப்ப ரூம் தேடாதீங்க. ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாம் தூரம், மூணு நாள் இல்லாம போகாதீங்க. கன்னியாகுமரில விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் வந்துருச்சு, குழந்தைங்களுக்குப் பிடிக்கும், படகுக்கு காலைலயே போய் நின்னுருங்க.

இப்ப சொல்லப்போறதுதான் இந்தப் பதிவு முழுக்கவே முக்கியம், மத்ததெல்லாம் விட்டாலும் இதைப் படிங்க. நம்ம ஊருப் பசங்க கெணத்துல, ஏரில நீச்சல் பழகுனவங்க, எனக்கு நல்லா நீச்சல் தெரியும்னு கடல்ல எறங்குவாங்க. கெணத்துத் தண்ணி நின்ன எடத்துல நிக்கும். கடல்தண்ணி நகந்துட்டே இருக்கும், கரைக்கு வந்த அலைத் தண்ணி எல்லாம் ஒரு சந்து புடிச்சு வேகமா உள்ள திரும்பிப் போகும், அதுதான் இழுவை. அதுல கொடுமை என்னன்னா, அந்த எடத்துல அலை ஒடையாது, ரெண்டு பக்கமும் வெள்ளையா நுரை அடிச்சிட்டு இருக்கும், நடுவுல மட்டும் அமைதியா இருக்கும், குழந்தையை வெச்சிருக்கறவங்க இது தான் சாந்தமான எடம்னு அங்கயே எறங்குவாங்க. அங்க எறங்கக்கூடாது. ஒருவேளை மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து எதிர்நீச்சல் போடாதீங்க, நீச்சல் வீரனாலயே முடியாது, கை ஓய்ஞ்சு போறதுதான் ஆளை முழுகடிக்குது. மல்லாந்து மெதந்து கையை ஆட்டிக் கூப்பிடுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்துங்க, இழுவை அகலம் கம்மிதான், தாண்டிட்டா அலையே கரைப்பக்கம் தள்ளும். காப்பாத்துறேன்னு கையில ஒண்ணும் இல்லாம உள்ள குதிக்காதீங்க, மெதக்குற பொருள் எதையாவது தூக்கிப் போடுங்க, கயிறு, காலி கேன், எதுனாலும்.

2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் பீச்ல அலை இழுத்துட்டுப் போய் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் செத்துப் போனாங்க. படிச்ச பிள்ளைங்க, சின்ன வயசு. அந்த நேரத்துக்கு கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கனவே குடுத்திருந்தாங்க. கள்ளக்கடல்ங்கறது எங்கயோ தூரத்துல அடிச்ச காத்தால கிளம்பி வர்ற பெரிய அலை, நம்ம கரைல காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், தண்ணி திடீர்னு ஏறும். அதனால வானத்தைப் பாத்து முடிவு பண்ண முடியாது. போறதுக்கு முந்தின நாள் நியூஸ்ல கடல் எச்சரிக்கை இருக்கான்னு பாருங்க, போன எடத்துல படகு பக்கத்துல வலை பின்னிட்டு இருக்குற மீனவர்கிட்ட, அண்ணா இன்னிக்கு தண்ணி எப்படி இருக்கு, இங்க எறங்கலாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க வேணாம்னு சொன்னா வேணாம். சிவப்புக் கொடி இருந்தா தண்ணில எறங்கவே எறங்காதீங்க.

குழந்தைங்க தண்ணிப் பக்கம் இருக்குறப்போ ஒருத்தர் பேரைச் சொல்லி ஒப்படைங்க, இந்த அரை மணி நேரம் சித்தப்பா பாத்துக்கணும், அடுத்தது மாமான்னு. பத்து பேரு இருக்கோம் யாராவது பாத்துக்குவாங்கன்னு இருந்தா யாருமே பாக்க மாட்டாங்க. பாத்துக்கறவங்க கையில போன் இருக்கக் கூடாது, குடிச்சவங்க யாரும் தண்ணிப் பக்கமே வரக்கூடாது, இதுல மச்சான் மாப்பிள்ளைன்னு முகம் பாக்காதீங்க. ஜெல்லிமீன் பட்டு எரியுதுன்னா மண்ணைப் போட்டு தேய்க்காம, நல்ல தண்ணியும் ஊத்தாம கடல்தண்ணிலயே கழுவி டாக்டர்கிட்ட போங்க. அவசரத்துக்கு 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, குழந்தை காணாமப் போனா 1098, மூணையும் இப்பவே போன்ல போட்டு வெச்சுருங்க.

பார்க்குக்கு வருவோம். பெங்களூரு வொண்டர்லா மைசூர் ரோட்டுல பிடதி பக்கம் இருக்கு, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டில நைஸ் ரோடு புடிச்சீங்கன்னா ஊருக்குள்ள போய் மாட்டாம மைசூர் ரோட்டுக்கு வந்துரலாம். காலைல சேலத்துல கெளம்பி அன்னிக்கே பார்க் முடிச்சு அன்னிக்கு ராத்திரியே திரும்பறது பண்ணாதீங்க, ஏன்னு கடைசில சொல்றேன். முந்தின நாள் மத்தியானம் கெளம்பி ஓசூர்லயோ பிடதிலயோ தங்கி கதவு தொறக்குறப்போ முதல் ஆளா நில்லுங்க. உள்ள போனதும் வாசல் பக்கத்துல இருக்குற ரைடுலதான் கூட்டம் அப்பும், நீங்க நேரா பின்னாடி கடைசிக்குப் போய் அங்க இருந்து முன்னாடி வாங்க. நிறைய பார்க்ல தண்ணி ரைடு லேட்டா தொறந்து சீக்கிரம் மூடிருவாங்க, நேரத்தைக் கேட்டு வெச்சுக்கிட்டு காலைல காஞ்ச ரைடு, மத்தியானம் தண்ணி, துணி மாத்திட்டு சாயந்தரம் மறுபடி காஞ்ச ரைடுன்னு வெச்சா ஈரத்தோட நடக்க வேண்டி இருக்காது.

துணி விஷயத்துல நம்ம வீட்டுப் பொம்பளைங்கதான் ரொம்ப கஷ்டப்படுறாங்க. சேலை, சுடிதார், காட்டன் பேன்ட் எல்லாம் தண்ணிக்குள்ள விட மாட்டாங்க, நைலான் இல்ல பாலியஸ்டர் துணிதான், அங்க போய் வாங்குனா வெலை அதிகம். ஊர்லயே முழுக்கை முழுக்கால் மூடுற நீச்சல் உடுப்பு கிடைக்குது, போறதுக்கு முன்னாடியே வாங்கி அம்மா, அத்தை எல்லாரையும் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அப்பத்தான் கூச்சமில்லாம அவங்களும் எறங்குவாங்க, இல்லாட்டி நாள் பூரா பையை காவல் காத்துட்டு உக்காந்துருவாங்க, அவங்களும் காசு குடுத்துத்தானே உள்ள வந்திருக்காங்க. முதுகு வலி, கழுத்து வலி, இருதயத் தொந்தரவு, கர்ப்பமா இருக்குறவங்க பெரிய ரைடு பக்கம் போகவே வேணாம். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டு சுத்துற ரைடுல ஏறாதீங்க, காலைல இட்லி, உள்ள போய் கொஞ்சம் கொஞ்சமா. சின்னக் குழந்தை கைமணிக்கட்டுல பேனாவால அப்பா நம்பரை எழுதி, காணாம போனா வந்து நிக்க வேண்டிய எடத்தை உள்ள போனதும் காட்டிருங்க.

பெங்களூரு வேணாம்னா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், ஊட்டி மலை அடிவாரத்துல, சின்னப் பசங்களுக்கு தாராளமா போதும். அப்படியே ஊட்டி ஏறலாம்னு நெனைச்சா வண்டிக்கு இ-பாஸ் எடுத்துட்டு ஏறுங்க.

காசு விஷயம் சுருக்கமா. ரயில் முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் தொறக்குது, லீவு நாளுக்கு அன்னிக்கு காலைலயே உக்காந்துருங்க, 5 வயசுக்குள்ள குழந்தைக்கு தனி பெர்த் வேணாம்னா டிக்கெட் இல்ல. சொந்தக் கார்ல அடிக்கடி போறவங்க ஃபாஸ்டேக் வருஷ பாஸ் பாருங்க, 2025ல வந்தப்போ 3000 ரூபா, 200 ட்ரிப் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை டோல்ல வேலை செய்யும், நைஸ் ரோட்டுக்கு செல்லாது. வேன் வாடகைக்கு எடுத்தா ஸ்டேட் தாண்டுற பர்மிட், டோல், டிரைவர் பேட்டா, அவரு தங்குற எடம் இதெல்லாம் யார் கணக்குன்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, டிரைவரை வண்டிலயே தூங்க வெக்காதீங்க, நம்ம மொத்தக் குடும்பமும் அவரு கண்ணை நம்பித்தான் உக்காந்திருக்கு. ரூம் ஆன்லைன்ல பாத்தாலும் ஒரு போன் போட்டு லிஃப்ட் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா, கரண்ட் போனா ஜெனரேட்டர் ஏசிக்கும் ஓடுமா, கடல் எத்தனை நிமிஷ நடைன்னு கேட்டுட்டு போடுங்க.

வழிச் சாப்பாடுக்கு புளிசாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு, தட்டுவடை, முறுக்கு போதும், மே மாசம்னா கூட ஒரு கூடை மாம்பழம். தட்டுவடை செட்டு போடணும்னா சட்னி, துருவுன காய் எல்லாம் அன்னிக்கே முடிச்சுருங்க, மறுநாளுக்கு வெக்காதீங்க. பார்க்ல வெளிச் சாப்பாடு விட மாட்டாங்க, கைக்குழந்தை சாப்பாட்டுக்கு மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க. ஓஆர்எஸ் பாக்கெட்டு, வாந்தி மாத்திரை, பெரியவங்க சுகர் பிரஷர் மாத்திரை எல்லாம் கைப்பையில இருக்கணும், டிக்கில போட்ட பெட்டியில இல்ல.

திரும்பறப்போ, பெங்களூரு பக்கம் இருந்து வர்றவங்களுக்கு தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வரும், சேலம் நோக்கி வர்ற பக்கம்தான் எறக்கம், லாரி பிரேக் புடிக்காம எத்தனை விபத்துன்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நாள் பூரா தண்ணில ஆடி, பத்து மணிக்கு மேல கண்ணு சொக்குறப்போ அந்த எறக்கத்துல குடும்பத்தோட வர்றது வேணாம்னுதான் அன்னிக்கே திரும்பாதீங்கன்னு சொன்னேன். ஒரு ராத்திரி ரூம் வாடகை போனாப் போகுது, பார்க் முடிச்சு ஓசூர்லயோ கிருஷ்ணகிரிலயோ படுத்துட்டு காலைல வெளிச்சத்துல வாங்க, கியரைக் குறைச்சு, லாரிக்குப் பின்னாடி இடைவெளி விட்டு, நடுவுல புகுந்து முந்தாம எறங்குங்க. கடலுக்குப் போய் வந்த காருன்னா வீட்டுக்கு வந்த மறுநாளே வாட்டர் வாஷுக்கு விட்டு அடிப்பக்கம் நல்லா அடிக்கச் சொல்லுங்க, உப்பு நின்னா துரு புடிக்கும், குழந்தைங்க நீச்சல் உடுப்பையும் அன்னிக்கே நல்ல தண்ணில அலசி நெழல்ல காயப் போடுங்க, குளோரினும் உப்பும் தங்குனா எலாஸ்டிக் சீக்கிரம் போயிரும்.